சுடாத வருடம்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. பங்குனியில் எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் அப்பா தீ மிதித்தார்.
2. குழியைக் கடந்து வந்ததும், இந்த வருடம் சூடே தெரியவில்லை என்றார்.
3. அம்மன் அவரைத் தூக்கிக்கொண்டு போனாள் என்று ஊர் சொன்னது.
4. சில நாள் கழித்து, வீட்டுச் சிமெண்டுத் தரையில் அப்பா நடந்த இடத்தில் ஈரம் இருந்தது. அம்மா துடைத்தாள்.
5. அம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை.
6. நான் ஓசூரிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது வீட்டில் ஒரு வாடை இருந்தது.
7. தர்மபுரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.
8. அடுத்த பங்குனி வந்தது.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு பழுதை இப்படித்தான் எழுதச் சொல்வார்கள். என்ன நடந்தது, எந்த வரிசையில் நடந்தது என்பது முதலில். ஏன் என்பது பிறகு. நான் அங்கே அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். உலையின் சூட்டை அளக்கும் சென்சார்கள் என் மேசைக்கு வரும். அவை காட்டும் எண் சரியா என்று பார்த்துத் திருப்பி அனுப்புவேன். பழுதை எழுதுகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற தவறு ஒன்று உண்டு. கண்ணில் முதலில் பட்டதை ஒன்றாம் எண்ணில் போட்டுவிடுவார்கள். மேலே நானும் அப்படித்தான் போட்டிருக்கிறேன். தீமிதிக்கு முன்னால் ஒரு செருப்பு இருக்கிறது.

அதற்கு முந்தைய ஐப்பசி. தீபாவளிக்கு நான் ஊருக்கு வந்திருந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. அப்பா தக்காளித் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்தார். இடது காலில் செருப்பு இருந்தது, வலது காலில் இல்லை. அப்பாவின் அக்கா எங்களுக்குப் பக்கத்து வீடு. அத்தை வாசலில் உட்கார்ந்து ராகி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"ஏன்டா, ஒத்தச் செருப்ப எவ வூட்ல வுட்டுட்டு வர?"

அப்பா குனிந்து தன் காலைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

"சேத்துல மாட்டியிருக்கும்க்கா."

"மாட்டுனது தெரியலியா? மண்டையிலதான் ஒண்ணுமில்லன்னு நெனச்சேன். கால்லயும் ஒண்ணுமில்லியா?"

அம்மா உள்ளேயிருந்து சேர்ந்துகொண்டாள். "நீங்க வேற அண்ணி, போன மாசமும் ஒண்ணு போச்சு, அதுக்கு முந்தியும் ஒண்ணு போச்சு. இப்ப வூட்ல எடது கால் செருப்பா மூணு கெடக்குது. ஒரு கட போட்டுடலாம்."

எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். மறுநாள் காலை பால் வண்டிக்குப் பால் ஊற்றப் போன அம்மா அந்தச் செருப்பை எடுத்து வந்தாள். அது சேற்றில் கிடக்கவில்லை. பாப்பாரப்பட்டி போகிற தார் ரோட்டின் ஓரத்தில் கிடந்தது. அந்த இடத்திலிருந்து எங்கள் வீடு வரை ஜல்லி கொட்டிய பாதை. அதில் ஒரு காலில் செருப்பில்லாமல் அப்பா நடந்து வந்திருக்கிறார். அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது அதற்குப் பல வருடங்கள் முன்பே தெரியும். அவர் அலட்சியமாக இருந்தார் என்று சொல்ல முடியாது. மாத்திரை போட்டார். டாக்டர் கூப்பிட்ட நாளில் போனார். ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் களியைக் குறைத்து, டீயில் சர்க்கரையை நிறுத்தி, காலாற நடந்து, பரீட்சைக்குப் படிக்கிற பையனைப்போலத் தயாராவார். எண் நன்றாக வரும். திரும்பி வரும் வழியில் கடையில் இரண்டு வடையும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் சாப்பிடுவார். பாஸாகிவிட்டோம் என்கிற நிம்மதி. அந்த ஒரு நாள் காலையின் எண், அந்த ஒரு நாள் காலையைப் பற்றி மட்டும்தான் பேசும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை.

பிறகு களி. எங்கள் பக்கத்தில் சர்க்கரைக்கு எல்லோரிடமும் ஒரே பதில் இருக்கிறது. அரிசியை விடு, ராகிக் களி தின்னு. அம்மா அரிசியை விட்டாள். காலையும் இரவும் களி கிண்டினாள். ராகி ஆகாததல்ல. ஆனால் அதுவும் மாவுதான். சர்க்கரையை மெதுவாக ஏற்றும், ஏற்றாமல் விடாது. அம்மா அதை மருந்து என்று நினைத்தாள். மருந்தில் யாரும் குறை வைக்க மாட்டார்கள். உருண்டை ஒரு தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது. "நல்லா சாப்புடுங்க, சக்கர எறங்கும்" என்று சொல்லிக்கொண்டே அரை உருண்டை கூடுதலாக வைப்பாள்.

ஒரு நாள் காலை அப்பா மாத்திரை போட்டுக்கொண்டு, மோட்டார் ரூமில் ஏதோ கோளாறு என்று சாப்பிடாமல் போய்விட்டார். போன இடத்தில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, நாக்குக் குழறிக் கீழே உட்கார்ந்துவிட்டார். அம்மா வெல்லத்தை வாயில் போட்டு எழுப்பி அழைத்து வந்தாள். டாக்டர் திட்டினார். "வயித்துல ஒண்ணும் இல்லாம இந்த மாத்திரையப் போடக் கூடாதுங்க. சாப்பிட்டாத்தான் மாத்திர."

அப்பா ஒரு வார்த்தையை ஏற்றுக்கொண்டால் எழுத்து மாறாமல் ஏற்றுக்கொள்வார். சாப்பிட்டால்தான் மாத்திரை. அந்தத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியபோதும் அதையே கடைப்பிடித்தார். மஞ்சள் துணி கட்டி, கையில் காப்பு ஏறிவிட்டால் தீமிதி முடியும்வரை ஒரு பொழுதுதான் சாப்பாடு, அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. கோயிலிலேயே தங்கல். காலில் செருப்புக் கூடாது. பகலெல்லாம் விரதக்காரர்களுக்குப் பானகம் கொடுப்பார்கள், வெல்லம் போட்ட கூழ் கொடுப்பார்கள். குடிப்பது சாப்பாட்டுக் கணக்கில் வராது. பகலில் சாப்பாடு இல்லை, எனவே பகல் மாத்திரை இல்லை. இரவில் அசந்து தூங்கிவிடுவார், அந்த மாத்திரையும் இல்லை. விரதம் முழுக்க வெல்லத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, மாத்திரை இல்லாமல், வெறுங்காலோடு முள்ளிலும் ஜல்லியிலும் நடந்திருக்கிறார். டாக்டர் சொன்னதை மீறவில்லை என்ற நிம்மதியோடு.

அவர் ஏன் தீ மிதிக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்குக் காய்ச்சல் வந்து இறங்கவே இல்லையாம். பிழைத்தால் வருடா வருடம் மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். நான் பிழைத்தேன். அவர் ஒரு வருடமும் தவறவில்லை. மிதித்து வருகிறவர்கள் எல்லோரும் பூ மாதிரி இருந்தது என்பார்கள். அப்படிச் சொல்வதுதான் வழக்கம். அப்பா மட்டும் சொல்ல மாட்டார்.

"பூவா? உங்க மாமனார் வூட்டுப் பூவா? சுட்டுச்சுப்பா. நெருப்பு சுடாம என்னா பண்ணும்?"

"சாமி காரியத்துல அப்பிடிச் சொல்லலாமா மாமா?" என்று யாராவது கேட்டால், "சுடலைன்னா அப்பறம் எதுக்கு வேண்டுதல்? சும்மா ரோட்ல நடந்துட்டுப் போவேனே" என்பார். பூசாரியே சிரித்துவிடுவார்.

அந்த வருடம் நான் விடுப்பு எடுத்து வந்திருந்தேன். நானும் அம்மாவும் குழியின் மேற்குப் பக்கம், பெண்கள் கூட்டத்தில் நின்றோம். பம்பைச் சத்தத்தில் பேச முடியவில்லை. கங்குகளை வாரிச் சமன் செய்திருந்தார்கள். அனல் எங்கள் முகம் வரை அடித்தது. மற்றவர்கள் ஓடினார்கள். அப்பா எப்போதும் வேகமாக எட்டு வைத்துக் கடப்பவர், அன்று நடந்தார். வரப்பில் தண்ணீர் பார்க்கப் போகிறவர்போல நடந்து, பால் ஊற்றி வைத்திருந்த குழியில் இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"பாப்பா," என்றார். "சுடல."

எனக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னார். "சுடவே இல்ல பாப்பா. காலு கீழயே படல. அவ தூக்கிட்டு வந்தா."

அவர் அழுதுகொண்டிருந்தார். அப்பா அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அதைக் கேட்டுச் சொல்ல, பூசாரி வந்து அம்மன் கழுத்து மாலையை எடுத்து அவருக்குப் போட்டார். அத்தை தம்பியின் காலில் விழுந்தாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் ஊர் தலையாட்டிவிட்டுப் போயிருக்கும். இத்தனை வருடம் சுட்டது சுட்டது என்று சொன்ன மனிதர் சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

அதற்குப் பிறகான நாட்களில் அப்பா வேறு மாதிரி இருந்ததாக அம்மா போனில் சொல்வாள். பால் வண்டிக்காரரிடம் சண்டை போடவில்லையாம். தக்காளி விலை விழுந்தபோதும் ஒன்றும் சொல்லவில்லையாம். "என்னமோ கலியாண மாப்ள மாதிரி சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறாரு பாப்பா" என்றாள். அவள் குரலும் சிரித்தது. தரையில் ஈரம் பார்த்தது அதற்கு அடுத்த வாரம். அதை அவள் போனில் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. தீ மிதித்தவருக்குக் கொப்புளம் வந்தால் விரதத்தில் ஏதோ குற்றம் என்று அர்த்தம். குற்றம் என்றால் மிதித்தவரை யாரும் கேட்க மாட்டார்கள், அவர் கோயிலில்தானே இருந்தார். வீட்டில் சுத்தம் போதவில்லை என்பார்கள். வீடு என்றால் வீட்டுக்காரி. அதனால் எங்கள் ஊரில் கொப்புளம் வந்தவர்கள் மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வார்கள். பெரும்பாலும் ஆறிவிடும். அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டு, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினாள். "வலிக்குதுங்களா?" என்று கேட்டிருக்கிறாள். வலிக்கவில்லை என்றிருக்கிறார். வலிக்காத புண்ணைப் பற்றி எதற்குக் கவலைப்படுவது என்று இருவரும் இருந்துவிட்டார்கள்.

நான் வந்த அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் வாடை அடித்தது. அப்பா கையில் டார்ச்சை வைத்துக்கொண்டு ராகி மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலி செத்துக் கெடக்குது போல பாப்பா. ரெண்டு நாளாத் தேடறேன். இந்த மூட்டய நகத்து."

நான் மூட்டையை நகர்த்தினேன். ஒன்றும் இல்லை. அவர் அடுத்த மூட்டைக்குப் போனார். வாடையும் கூடவே போனது. நான் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அம்மா களிக் கோலைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாவின் வலது காலில் கட்டியிருந்த துணியின் ஓரம் நனைந்து நிறம் மாறியிருந்தது.

"அப்பா, உக்காருங்க," என்றேன். "காலக் காட்டுங்க."

"அது ஒண்ணுமில்ல, வலியே இல்ல. மொதல்ல எலியப் பாரு."

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் என் வயதுக்காரி. விரல்களின் நிறத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது, குரல் மாறவில்லை. ஒரு குச்சியின் நுனியில் மெல்லிய நைலான் இழை இருந்தது. அதை வைத்துக்கொண்டு, "கண்ண மூடிக்குங்கப்பா. கால்ல தொடும்போதெல்லாம் 'ஆமா' சொல்லுங்க" என்றாள்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவள் குதிகாலில் தொட்டாள். இழை வளைந்தது. நடுப்பாதத்தில் தொட்டாள். பெருவிரலில் தொட்டாள். பிறகு இடது காலுக்குப் போய், அங்கேயும் ஒவ்வோர் இடமாகத் தொட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கவனமாக, பள்ளிக்கூடத்துப் பையன்போல, காத்திருந்தார். கடைசியில் மரியாதையாகக் கேட்டார்.

"இன்னும் ஆரம்பிக்கலீங்களாம்மா?"

வெளியே வந்து டாக்டர் எனக்கு விளக்கினாள். சர்க்கரை பல வருடமாக உயர்ந்தே இருந்திருக்கிறது. ஒரு நாள் காலை எண்ணை ஏமாற்றலாம், மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையை ஏமாற்ற முடியாது. அதில் இருக்க வேண்டியதைப்போல இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. உயர்ந்த சர்க்கரையில் காலின் நரம்புகள் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துவரும். புண் ஆறுவதும் நின்றுபோகும். "எப்பிடிச் சுட்டுச்சு?" என்று கேட்டாள். தீமிதி என்றேன். அவள் எழுதிக்கொண்டே, "அவருக்குச் சுட்டதே தெரிஞ்சிருக்காது" என்றாள்.

என் மேசைக்குச் சில சமயம் கம்பி அறுந்த சென்சார் வரும். சூடு இல்லை என்பதும் சூட்டைச் சொல்ல முடியவில்லை என்பதும் வேறு வேறு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது அது நினைவுக்கு வந்தது. கட்டிலில் அப்பா பக்கத்துக் கட்டில்காரரிடம், அம்மன் தன்னைத் தூக்கிக்கொண்டு போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கதையை முழுதும் கேட்டேன்.

சுண்டுவிரலையும் அதற்கு அடுத்ததையும் எடுத்தார்கள். எலும்பு வரைக்கும் போய்விட்டது என்றார்கள். மிச்சத்தைக் காப்பாற்றலாம், சர்க்கரை அடங்கினால். இன்னொரு புண் வந்தால் பாதம் தங்காது. டாக்டர் அதை அப்பாவிடம், அம்மாவிடம், என்னிடம் தனித்தனியாகச் சொன்னாள்.

வீட்டுக்கு இன்சுலின் வந்தது. விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் வந்தது. நான் ஒரு மாதம் லீவு போட்டேன். முதல் நாள் தேங்காய் அளவு களி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் முந்நூறைத் தாண்டியது.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "களிக்கு முந்நூறா? மெஷின் பொய் சொல்லுது."

கருவி பொய் சொல்லுகிறதா என்று பார்ப்பதுதான் என் தொழில். அன்றே அப்பாவை லேப்புக்குக் கூட்டிப்போய் அதே நேரத்தில் இரண்டிலும் பார்த்தேன். கிட்டத்தட்ட ஒரே எண். அம்மா லேப் சீட்டை வாங்கி இரண்டு எண்ணையும் பார்த்தாள். பிறகு, "இத்தன வருசமா நானேவா உருட்டி உருட்டி வெச்சேன்" என்றாள்.

களியை நிறுத்தவில்லை. கைப்பிடி அளவுக்குக் குறைத்தோம். கூடவே கீரைக் கடைசலும் அவரைக்காயும் நிறைய. பானகம், கூழில் வெல்லம், இரண்டாவது டீ எல்லாம் போயின. சாப்பிடாமல் மாத்திரை கூடாது என்பதோடு, மாத்திரைக்காக நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டோம். நடுக்கமும் வியர்வையும் வந்தால் உடனே வாயில் போட அவர் சட்டைப் பையில் நாலு மிட்டாய். அத்தை அதையும் விடவில்லை. "சக்கரக்காரனுக்கு முட்டாயா? நல்ல டாக்டரு! எனக்கும் வந்தாத் தேவலாம்" என்றாள். அவள் விரலிலும் குத்திப் பார்த்தோம். அவளுக்கு ஒன்றும் இல்லை. "பாத்தியா, வாய் இருக்கறவளுக்கு வராது" என்று எழுந்து போனாள்.

எண்கள் மெல்ல இறங்கின. புண் ஓரத்திலிருந்து சிவந்து, சுருங்கி, பல மாதம் எடுத்துக்கொண்டு மூடியது. தை பிறந்தபோது அப்பா பின்பட்டி வைத்த மெத்துச் செருப்போடு தோட்டத்துக்கு நடந்தார். செருப்பு இனி கழன்று போகாது. அம்மா ஒற்றையாகக் கிடந்த இடது கால் செருப்புகளைக் குப்பையில் போட்டாள்.

பிறகு பங்குனி. காப்புக் கட்டுவதற்கு முந்தைய வாரம் பூசாரி வந்தார். அப்பாவைத்தான் இந்த வருடம் முதலில் இறங்கச் சொல்ல வேண்டும் என்று ஊரில் பேசியிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் ஊரில் இருந்தேன். அத்தை வந்து உட்கார்ந்தாள்.

"போயிட்டு வாடா. வெரலு போனதுக்கு என்னா குத்தமோ எவ குத்தமோ, இந்த வருசம் ஒழுங்கா மிதிச்சா மிச்சக் காலாவது நெலைக்கும்." சொல்லும்போது அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்காததே போதும்.

"குத்தம் ஏதும் இல்லக்கா," என்றார் அப்பா. "குத்தம் இருந்தா அவ என்னத் தூக்குவாளா?"

"தூக்குனவ ஏன்டா வெரல எடுத்தா?"

அப்பா காலை நீட்டிப் பார்த்தார். "அதான் போறேன்" என்றார். "போய் அவகிட்டயே கேட்டுக்கறேன்."

நரம்பு போய்விட்டது, நெருப்பில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தாள். அவருக்கு அது காலைப் பற்றிய செய்தி. அன்றைக்கு நடந்தது வேறு விஷயம். இரண்டையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்க்கும்படி சொல்லக்கூடியவள் வீட்டில் நான் ஒருத்திதான். சொல்லாவிட்டால் இறங்குவார். இறங்கினால் பாதம் போகும். சொன்னால் என்ன போகும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் மோட்டார் ரூமில் அப்பா ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து வைத்து, டெஸ்டரால் ஒவ்வொரு லைனாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன்.

"அப்பா, டெஸ்டர்ல லைட்டு எரியலைன்னா நம்பிக் கை வெப்பீங்களா?"

"வெப்பனா? பக்கத்துல கரண்டு இருக்கற எடத்துல வெச்சு டெஸ்டர் எரியுதான்னு பாத்துட்டுத்தான் வெப்பேன். டெஸ்டரே செத்திருக்கும்ல." சொல்லிக்கொண்டே அடுத்த லைனைத் தொட்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் கேக்கற?"

நான் அவர் காலைப் பார்த்தேன். அவர் டெஸ்டரைப் பார்த்தார். பெட்டியின் மூடியைச் சாத்தினார். மோட்டாரின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அந்த டாக்டரம்மா கால்ல தொட்டுப் பாத்துச்சே," என்றார். "அப்ப ஆரம்பிச்சிருந்துச்சா?"

"ரெண்டு காலும் பாத்து முடிச்சிருந்தாங்கப்பா."

"தீமிதிக்கு முன்னாடியே அப்பிடித்தான் இருந்திருக்குமா?"

"செருப்பு ரோட்ல கழண்டப்பவே."

வெளியே தண்ணீர் ஓடவில்லை, மோட்டார் நின்றிருந்தது. எங்கோ டிராக்டர் சத்தம்.

"அப்ப அவ தூக்கல."

"அது எனக்குத் தெரியலப்பா."

"தெரியலன்னு சொல்லாத. அளக்கறதுதான உன் வேல."

"அன்னைக்கு நெருப்பு எப்பவும்போல சுட்டிருக்குதுப்பா. கால்தான் சொல்லல."

அவர் தலையை ஆட்டினார். கோபம் இல்லை. சந்தையில் விலை கேட்டுவிட்டுத் தலையாட்டுவாரே, அப்படி. டெஸ்டரைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுச் சொன்னார்.

"அத்தன வருசம் சுட்டுச்சு பாப்பா. ஒரு வருசமாவது சுடாம வுட்டாளேன்னு இருந்தேன்."

அன்று சாயங்காலம் அவரே அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் சொன்னார். நான் கூடத்தில் இருந்தேன், கேட்டது. "உன் மேல குத்தம் ஒண்ணும் இல்ல. நரம்பு செத்திருந்துச்சு. எல்லாம் அதுதான். அக்காகிட்டயும் சொல்லிடறேன்." கொஞ்ச நேரத்தில் களி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. போய்ப் பார்த்தேன். அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஒரு வருடமாக அவள் தன்மேல்தான் குற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எந்தச் செய்தியில் அப்பாவின் அம்மன் போனாளோ, அதே செய்தியில்தான் அவளுக்கு மூச்சு வந்தது. அவர் அவள் பக்கத்தில் நின்று அடுப்பை அணைத்தார்.

அப்பா காப்புக் கட்டவில்லை. தீமிதி அன்று நாங்கள் வீட்டில் இருந்தோம். பம்பைச் சத்தம் காற்றில் வந்து வந்து போனது. அது உச்சத்துக்கு ஏறியபோது அப்பா விரலை நீட்டி, "சுகர் பாத்துடு" என்றார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. நூற்று ஐம்பத்தெட்டு. நல்ல எண். அவரிடம் சொன்னேன். சரி என்றார்.

பொழுது சாய்ந்து அத்தை விபூதியோடு வந்தாள்.

"எல்லாருக்கும் சுட்டுச்சாமா?" என்று கேட்டார் அப்பா.

அத்தை அவர் முகத்தைப் பார்த்தாள். எப்போதும் ஒரு பதில் தயாராக வைத்திருப்பவள், அன்று கொஞ்சம் யோசித்தாள். "யாரு கண்டா. பூ மாதிரி இருந்துச்சுன்னுதான் சொல்றானுங்க."

"பொய் சொல்றானுங்க," என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை.

இப்போதைய நிலை இதுதான். அப்பாவின் வலது காலில் மூன்று விரல்கள் இருக்கின்றன. புண் இல்லை. இடது பாதம் முழுதாக இருக்கிறது. மூன்று மாதச் சராசரி ஏழரை சதவீதத்துக்குக் கீழே வந்திருக்கிறது. செத்த நரம்புகள் திரும்பவில்லை, திரும்பும் என்று டாக்டரும் சொல்லவில்லை. அம்மா தினமும் காலையில் அவர் பாதங்களுக்கு அடியில் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்து, எனக்குப் படம் எடுத்து அனுப்புகிறாள். நான் பேருந்தில் போகும்போது அதைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். அப்பா கோயிலுக்குப் போவதில்லை. கேட்டால், எங்கேயும் செருப்பைக் கழற்றக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சொல்கிறார். டாக்டர் அப்படிச் சொன்னது உண்மைதான்.